கோபுலுவின் கட்டங்கள்

படக்கதையைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "உமக்கு வேறு விஷயமே அகப்படவில்லையா? அது குழந்தைகள் சமாசாரம் அல்லவா?" என்று கேட்டார். அவர் நல்ல ரசிகர். ரஷ்ய நாவல்களைப் பெயர் தப்பாமல் சொல்வார். ஆனால் துப்பறியும் சாம்புவின் மூக்கு எப்படி இருக்கும் என்று கேட்டதும், விரலைக் காற்றில் நீட்டி, யோசிக்காமல் வரைந்து காட்டினார். அந்த மூக்கை அவருக்குத் தேவன் கொடுக்கவில்லை, சித்திரக்காரர்கள் கொடுத்தார்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

நான் பேச வந்தது கோபுலுவைப் பற்றி. அதற்கு முன்னால் கொஞ்சம் லண்டன் வரை போய்வர வேண்டியிருக்கிறது. கட்டம் கட்டிக் கதை சொல்கிறவனுக்குப் பத்திரிகை என்ன இடம் தரும் என்பதை அங்கேதான் முதலில் சோதித்துப் பார்த்தார்கள்.

டாம் பிரவுன் என்று ஒருவர். நாட்டிங்ஹாமில் 1870-ல் பிறந்தவர். லித்தோ அச்சகத்தில் தொழில் பழகினார். 1896-ல் 'இல்லஸ்ட்ரேட்டட் சிப்ஸ்' என்ற அரைப்பென்னிப் பத்திரிகையில் இரண்டு நாடோடிச் சோம்பேறிகளை வரைந்தார். ஒருவன் ஒல்லி, மற்றவன் குண்டு. வேலைக்கு அஞ்சி ஓடுவதே அவர்களுக்கு வேலை. அரைப்பென்னிப் பத்திரிகை என்றால் கூலிவேலைக்காரனின் பத்திரிகை என்று அர்த்தம். கனவான்கள் 'பஞ்ச்' படித்தார்கள். பிரவுனுக்கு அந்த இருவரோடு காலம் தள்ள மனமில்லை. வேறு கைகளுக்கு அவர்களை விட்டுவிட்டு, போஸ்டர், தபால் கார்டு, வர்ணச் சித்திரம் என்று போய்விட்டார். அந்தச் சோம்பேறிகள் அவர் இறந்த பிறகும் 1953 வரை, அந்தப் பத்திரிகை நிற்கும்வரை, உழைத்தார்கள்! பிரவுன் 1910-ல், நாற்பது வயது நிறையுமுன், காலமானார். அதற்கு இரண்டு வருஷம் முன்பு ஒரு விளம்பரத்துக்காக அவர் போட்ட படம்தான் ஜானி வாக்கர் புட்டியின் மேல் தொப்பியும் கைத்தடியுமாக நடக்கிற மனிதர். ஹார்பர் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அந்த மனிதரை நன்றாகத் தெரியும். கப்பலை விட்டு இறங்கி அவர் எங்கள் தெருக்களில் ரகசியமாக நடந்தது உண்டு. வரைந்தவர் பெயரைத்தான் யாரும் கேட்டதில்லை.

இன்னொருவர் டபிள்யூ. கே. ஹேசல்டன். லாயிட்ஸில் கப்பல் இன்ஷ்யூரன்ஸ் பார்த்தவர். முறையாகச் சித்திரம் பயின்றவரல்ல. 1903-ல் பெண்களுக்கென்று தொடங்கி நஷ்டப்பட்ட 'டெய்லி மிரர்', 1904 ஜனவரியில் படப்பத்திரிகையாக வேஷம் மாற்றிக்கொண்டபோது ஹேசல்டனைச் சேர்த்துக்கொண்டது. அங்கே 1940 வரை இருந்தார். முப்பத்தாறு வருஷம்! சில நாள் ஒரே படம், பல நாள் நாலு கட்டம், ஆறு கட்டம். விஷயம் என்னவோ சாதாரணம்தான்: பெண்களின் தொப்பி வருஷத்துக்கு வருஷம் எவ்வளவு அகலமாகிறது, லீவு எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போன குடும்பம் எப்படித் திரும்புகிறது, வேலைக்காரி கிடைக்காத வீடு என்ன ஆகிறது. முதல் யுத்தத்தின்போது ஜெர்மன் சக்கரவர்த்தியையும் அவர் மகனையும் பெரிய வில்லி, சின்ன வில்லி என்று இரண்டு அசடுகளாக்கி வரைந்தார். நாடே சிரித்தது. வருஷத்துக்கு ஒரு தொகுப்பாக அவருடைய படங்கள் புத்தகமாக வந்தன. இன்ஷ்யூரன்ஸ்காரனின் புத்தி அவருடைய கட்டங்களில் இருப்பதாக எனக்கு ஒரு நினைப்பு. சரக்கு எங்கே நனையும், எங்கே உடையும், யார் தலையில் பழி விழும் என்று முன்கூட்டி எண்ணுகிற புத்தி அது. முதல் கட்டத்தில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். கடைசிக் கட்டத்தில் என்ன உடையப்போகிறது என்பதற்கான கீறல் அதிலேயே விழுந்திருக்கும்.

தமிழுக்கு வருவோம். பாரதியாரின் 'இந்தியா' 1906-லேயே கருத்துப்படம் போட்டது. அரசியல் சொல்வதற்குப் படம் வேண்டும் என்று பாரதிக்குத் தெரிந்திருந்தது. ஆனால் சிரிப்பதற்கென்று கோடு போட்டு, அந்தக் கோட்டுக்குக் கௌரவமும் வாங்கித் தந்தவர் மாலி. 1930-களின் 'ஆனந்த விகடன்' பக்கங்களை இப்போது புரட்டினாலும் அவர் போட்ட சங்கீத வித்வான்கள் பாடிக்கொண்டே இருக்கிறார்கள். வாயைத் திறக்கிற கோணத்திலேயே இன்னார் என்று தெரிந்துவிடும். மாலி இன்னொரு காரியமும் செய்தார். கெட்டிக்காரப் பையன்களைக் கண்டெடுத்து, பெயர் வைத்து, வேலை கொடுத்தார். சீனிவாசன் என்ற பையன் 'சில்பி' ஆகிக் கோயில் கோயிலாகப் போய்ச் சிற்பங்களை வரைந்தார். தஞ்சாவூரில் 1924-ல் பிறந்து கும்பகோணம் சித்திரப் பள்ளியில் பயின்ற கோபாலன் 'கோபுலு' ஆனார். திருவையாற்றில் தியாகராஜ ஸ்வாமிகள் வீட்டிலிருந்த ராமர் பட்டாபிஷேகப் படத்தைப் பார்த்து வரைந்து வரும்படி மாலி அவரை அனுப்பியது பிரசித்தமான கதை. அது தீபாவளி மலரில் வந்தது. 1940-களின் நடுவிலிருந்து கோபுலு விகடன் மனிதர்.

நம் பத்திரிகைகளில் சித்திரக்காரரின் நிலைமை என்ன என்பதை வாசகர்கள் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். எழுத்தாளன் அத்தியாயத்தைக் கடைசி நேரத்தில் கொண்டுவந்து கொடுப்பான். அதைப் படித்து, ஒரு கட்டத்தைப் பிடித்து, ராத்திரிக்குள் படம் வேண்டும். முதல் சாப்பாடு எழுத்தாளனுக்கு. இலையில் மிச்சமிருக்கிற இடம் சித்திரக்காரருக்கு. இந்தப் பந்தியில் உட்கார்ந்துதான் கோபுலு அவ்வளவும் செய்தார். கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பாள்' 1950-களின் பிற்பகுதியில் விகடனில் வந்தபோது, சிக்கல் சண்முகசுந்தரம் நாயனத்தை எப்படித் தூக்குவான், மோகனாம்பாள் கோபத்தில் எந்தப் பக்கம் திரும்புவாள் என்றெல்லாம் தமிழ்நாடு கோபுலுவைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டது. 1968-ல் அது சினிமாவானபோது ஏற்கெனவே பார்த்த மனிதர்களையே மறுபடி பார்ப்பதுபோல் ஜனங்களுக்கு இருந்ததில் ஆச்சரியமில்லை. சாவியின் 'வாஷிங்டனில் திருமணம்' 1963-ல் வந்தது. அமெரிக்கத் தெருவில் ஜானவாச ஊர்வலம் போகிறது என்று எழுதுவது சுலபம். எழுத்தில் 'வாஷிங்டன்' என்று ஒரு சொல், 'ஜானவாசம்' என்று ஒரு சொல், காரியம் முடிந்தது. இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் நிற்கவைத்து, பார்க்கிறவன் நம்பிவிட்டுப் பிறகு சிரிக்கும்படி செய்கிற கஷ்டம் கோபுலுவுடையது.

இவையெல்லாம் இருந்தும், அவருடைய மேதை முழுதாகத் தெரிவது கதைக்குப் போட்ட படங்களில் அல்ல என்பது என் அபிப்பிராயம். வார்த்தையே இல்லாமல் அவர் போட்ட ஹாஸ்யங்களில் தெரிகிறது, பிறகு சாம்பு படக்கதையில் தெரிகிறது.

வார்த்தையில்லாத ஹாஸ்யத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. கதை கட்டத்துக்குள் நடப்பதில்லை. ஒரு கட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவிலிருக்கிற வெள்ளை இடைவெளியில் நடக்கிறது. முதல் கட்டத்தில் ஒரு மனிதன் ஏணி வைக்கிறான், அடுத்ததில் தரையில் கிடக்கிறான் என்றால், விழுந்ததை நாம்தான் விழவைக்கிறோம். நாவலாசிரியன் ஒருவன் 'மூன்று வருஷம் கழிந்தது' என்று எழுதுவதற்குப் படுகிற பாடு எனக்குத் தெரியும். கோபுலு அதை ஒரு நூல் அகல வெள்ளையில் செய்துவிடுகிறார். எதை விடவேண்டும் என்று அறிந்தவர். நாங்கள் அநேகம் பேர் அதை அறியாமலேயே நானூறு பக்கம் எழுதிவிடுகிறோம்.

சாம்பு விஷயம் இன்னும் சிக்கலானது. தேவன் அந்தக் கதைகளை 1940-களில் எழுதினார். அப்போது படம் போட்டவர் ராஜு. வழுக்கைத் தலை, நீண்ட மூக்கு எல்லாம் அப்போதே அமைந்துவிட்டன. தேவன் 1957-ல் காலமானார். அடுத்த வருஷம் விகடனில் அதே சாம்பு, கோபுலுவின் கையில், வாராவாரம் படத்தொடராக வந்தான். செத்துப்போன நண்பரின் பிள்ளையை எடுத்து வளர்ப்பது மாதிரியான காரியம். ஜாக்கிரதையாகச் செய்யவேண்டும்.

இதில் உள்ள சங்கடம் என்னவென்றால், தேவனின் ஹாஸ்யம் பாதிக்குமேல் தேவனின் குரலில் இருக்கிறது. சாம்பு அசடு. அவன் உளறியதை இன்ஸ்பெக்டர் கோபாலன் சூட்சும புத்தி என்று எடுத்துக்கொள்கிறார். கள்ளன் அகப்படுகிறான். சாம்புவின் மனசில் ஒன்றும் இல்லை என்பதைத் தேவன் நமக்கு மட்டும் காதோடு சொல்வார். படத்தில் காதோடு சொல்ல முடியாது. கோபுலு என்ன செய்தார்? எல்லா முகங்களுக்கும் பாவத்தைக் கொடுத்தார், சாம்புவுக்கு மட்டும் கொடுக்கவில்லை. சுற்றி நிற்கிறவர்கள் திகைக்கிறார்கள், வியக்கிறார்கள், கை கூப்புகிறார்கள். நடுவில் அந்த மூக்கு மட்டும், காப்பி எப்போது வரும் என்று காத்திருப்பதுபோல, அப்படியே இருக்கிறது. தேவன் ஒரு பாராவில் சொல்வதற்கு இது ஈடு. சில இடங்களில் ஈட்டுக்கும் மேலே. தமிழில் பெரியவர்கள் படிப்பதற்கென்று வந்த படக்கதைகளில் இதற்குச் சமமாக ஒன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

அந்த வழியிலேயே அவரை இருபது வருஷம் விட்டிருந்தால்? நமக்கு ஒரு ஹேசல்டன் கிடைத்திருப்பார். கிடைக்கவில்லை. படத்தொடர் என்பது விகடனுக்கும் சரி, மற்ற இதழ்களுக்கும் சரி, ஒரு பலகாரம். சாப்பாடு என்றால் தொடர்கதைதான். 1963-ல் கோபுலு விகடனை விட்டு விளம்பரத் துறைக்குப் போனார். பின்னால் 'ஆட் வேவ்' என்று சொந்த நிறுவனமே வைத்தார். வெளியிலிருந்து பத்திரிகைகளுக்கு வரைந்துகொண்டுதான் இருந்தார். அதைக் குறையாகச் சொல்லவில்லை. விளம்பரம் அவருக்கு நியாயமான கூலி கொடுத்திருக்கும். பத்திரிகைகள் கொடுத்தது புகழ். புகழை மளிகைக் கடையில் மாற்ற முடியாது. டாம் பிரவுன் போன வழிதான்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். கோபுலுவின் உலகம் தஞ்சாவூர், மயிலாப்பூர், திருவல்லிக்கேணி. பந்தி, கச்சேரி, திண்ணை, வெற்றிலைச் செல்லம். பாரிமுனைக்கு வடக்கே ஒரு பட்டணம் இருக்கிறது என்பது அந்தக் காலத்துத் தொடர்கதைப் படங்களிலிருந்து ஒருவனுக்கு அநேகமாகத் தெரியவே வராது. கல்மண்டபமும், காசிமேட்டு வலைகளும், திருவொற்றியூர் விம்கோவில் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வருகிற கூட்டமும் அவற்றில் இல்லை. அவர் மேல் பழி இல்லை. எழுத்தாளர்கள் எழுதாததை அவர் எப்படி வரைவார்? எழுதினால் மட்டும் என்ன ஆயிற்று என்றும் கேட்கலாம். என் கதை ஒன்று, எண்ணூர்ப் பக்கத்து மீனவப் பெண்ணைப் பற்றியது, ஒரு வார இதழில் வந்தது. கூடை சுமந்து சந்தைக்குப் போகிறவள் அவள். படத்தில் பட்டுப்புடவையும் ஜிமிக்கியுமாக, கையில் வீணை இல்லாத குறையோடு, மாடி ஜன்னலில் சாய்ந்து நின்றாள். வரைந்தவர் கோபுலு அல்ல, அவருடைய கோட்டைப் பார்த்துப் பழகிய பலரில் ஒருவர். ஆசானுடைய ஊரைச் சிஷ்யர்கள் உலகம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வடக்குப் பட்டணம் என்ன படம் பார்த்துக்கொண்டிருந்தது? தினமும் 'கன்னித்தீவு' பார்த்துக்கொண்டிருந்தது. ஆதித்தனார் லண்டனில் பாரிஸ்டருக்குப் படித்தவர். 1942-ல் மதுரையில் 'தந்தி'யை ஆரம்பித்தபோது அவர் மனசில் இருந்த மாதிரி 'டெய்லி மிரர்' என்பார்கள். அப்படியானால் ஹேசல்டனின் கட்டம் சுற்றி வளைத்து எங்கள் தெரு சலூனுக்கே வந்து சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். 1960-ல் 'தினத்தந்தி'யில் தொடங்கிய அந்தப் படக்கதை இன்னும் முடியவில்லை. சிந்துபாத், அவன் காப்பாற்றவேண்டிய லைலா, அவளைப் பொம்மை அளவுக்குச் சுருக்கிவிட்ட மந்திரவாதி மூசா. நாளைக்கு மூன்று நாலு கட்டம். முடிவில்லாமல் இழுக்கிற எந்த விஷயத்துக்கும், அது கோர்ட்டுக் கேஸாக இருந்தாலும் சரி, தமிழில் 'கன்னித்தீவு மாதிரி' என்று ஓர் உவமையே வந்துவிட்டது.

நான் பள்ளிக்கூடம் போன 1960-களில் கல்மண்டபத்துக்கு அருகே ஒரு சலூன். காலை ஆறு மணிக்கு ஹார்பர் ஷிப்டுக்குப் போகிறவர்கள் அங்கே எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். முடி வெட்டிக்கொள்ள அல்ல. பெஞ்சில் கிடக்கிற பேப்பருக்காக. பாதிப் பேருக்கு வாசிக்க வராது. டாலி கிளார்க் ஒருவர் உரக்கப் படிப்பார். தாமதமாக வந்த கலாசி வாசலிலிருந்தே கேட்பான்:

"இன்னா நைனா, அந்தப் பொண்ணு பெருசாச்சா?"

"எங்க ஆவுது? இன்னும் குட்டியாத்தான் கீது. நாளைக்குப் பாரு."

காசிமேட்டுக்காரர் ஒருவர், கட்டுமரத்தில் தலை நரைத்தவர், படத்தை மட்டும் உற்றுப் பார்ப்பார். சிந்துபாத்தின் கப்பலைக் காட்டி, "பாய இப்படிக் கட்னா காத்து எங்கப்பா புடிக்கும்? இவன் எந்தத் தீவுக்கும் போய்ச் சேர மாட்டான்" என்பார். மறுநாளும் வருவார். தொழில் தெரிந்தவனின் விமர்சனம் அது. பின்னால் எத்தனையோ இலக்கியக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அளவு குறிப்பாக யாரும் ஒரு சித்திரத்தைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை.

'கன்னித்தீவு' நல்ல சித்திரமா என்று கேட்டால், கோபுலுவுக்குப் பக்கத்தில் வைக்க முடியாது. முகங்கள் ஒரே பக்கம் திரும்பியவை. கடல் என்றால் நாலு அலை. கதைக்கு நேற்று என்ன சொன்னோம் என்ற ஞாபகம் கிடையாது. ஆனால் ஒரு வித்தை அதற்கு நிச்சயம் தெரியும்: கடைசிக் கட்டத்தை எங்கே நிறுத்துவது என்பது. கத்தி ஓங்கிய கை ஓங்கியபடி நிற்கும். அதை இறக்குவதற்கு மறுநாள் காலை வரவேண்டும். கோபுலு இரண்டு கட்டத்துக்கு நடுவில் விட்ட வெள்ளையை இவர்கள் இரண்டு நாளுக்கு நடுவில் விட்டார்கள். அந்த இருபத்து நாலு மணி நேரத்தில் ஹார்பர் முழுக்க அந்தக் கையைப் பற்றிப் பேச்சு. எழுத்துக் கூட்டிப் படிக்க அந்தப் பெஞ்சில் கற்றுக்கொண்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

அதைப் பல காலம் வரைந்தவர் கணு. சலூனில் அந்தப் பெயரை ஒருவர் சொல்லிக் கேட்டதில்லை. கதையை யார் எழுதுகிறார்கள் என்ற கேள்வியும் எழுந்ததில்லை. மழை பெய்கிறது, பேப்பர் வருகிறது, சிந்துபாத் போய்க்கொண்டிருக்கிறான். மயிலாப்பூரிலோ ஒரு கோட்டைப் பார்த்தே கோபுலு என்பார்கள், அந்தக் கோட்டுக்கு நிலையாக ஒரு தொடரைக் கொடுக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. ஒரே பட்டணத்தில் ஆறு மைலுக்குள் இந்த இரண்டும் நடந்திருக்கின்றன. லண்டன்காரன் இரண்டையும் ஒருவருக்கே கொடுத்தான் என்பதுதான் ஹேசல்டன் விஷயத்தில் எனக்குப் பொறாமை.

கோபுலுவுக்குப் பிற்காலத்தில் பக்கவாதம் வந்து வலது கை செயலிழந்தது. இடது கையால் வரையக் கற்றுக்கொண்டார். எழுபது வயதுக்கு மேல் அரிச்சுவடியிலிருந்து தொடங்குவது போன்றது அது. 2015 ஏப்ரலில், தொண்ணூறாவது வயதில், சென்னையில் காலமானார். இரங்கல்களில் தில்லானாவும் வாஷிங்டனும் வந்தன. சாம்பு படக்கதையைச் சிலரே நினைத்தார்கள்.

தொடர்கதைகள் புத்தகமாகும்போது படங்களைக் கழற்றிவிடுவது நம் பதிப்பாளர்களின் வெகுநாளைய வழக்கம். கோபுலு அவ்வளவாவது பிழைத்தது வீட்டுப் பெண்களால். அவர்கள்தான் வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, ஊசிநூல் கோத்தோ, பைண்டரிடம் கொடுத்தோ, அலமாரியில் வைத்தார்கள். என்னிடம் உள்ள சாம்பு பைண்டு, 1985-ல் எரிந்துபோவதற்கு முன் மூர் மார்க்கெட்டில் வாங்கியது. கடைசிப் பக்கத்தில் யாருடைய வீட்டு மளிகைக் கணக்கோ இருக்கிறது: துவரம்பருப்பு, நல்லெண்ணெய், சீயக்காய். உள்ளே ஒரு குழந்தை சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை சாம்புவின் மூக்குக்கு மட்டும் வர்ணம் தீட்டியிருக்கிறது. இன்ஸ்பெக்டர் கோபாலனை அது தொடவே இல்லை.